வெறுமையாக விட்ட கட்டம்



தமிழ்ப் பாடத்தில் பண்புத்தொகையைக் கற்பிக்கும்பொழுது, நிறம், வடிவம், அளவு, சுவை ஆகியவை ஒரு பொருளின் பண்புகள் என்று மாணவர்களுக்குச் சொல்லுகிறோம். இந்த இலக்கணம் வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை. கடையில் பொருள் கேட்கும்பொழுதும் அது வேண்டியிருக்கிறது. கணினியில் ஆர்டர் பதியும்போது பொருளின் பண்புகளை ஏன் கட்டாயமாகக் கேட்க வேண்டும், எவற்றைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் நடந்ததையே முதலில் சொல்லுகிறோம். ஓர் ஆண்டு பள்ளி திறப்பதற்கு முன், வசதி குறைந்த பிள்ளைகள் 30 பேருக்குச் சீருடை வாங்குவதற்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் பணம் திரட்டினோம். கிள்ளானில் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தோம். பிள்ளைகளின் அளவுகளைத் தாளில் எழுதியே கொடுத்தோம். ஆனால் கணினியில் பதிந்தவர், "வெள்ளைச் சட்டை, 30" என்று மட்டும் பதிந்துவிட்டார். அளவுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது, கணினியும் தடுக்கவில்லை. தாள் மேசையிலேயே தங்கிவிட, சீட்டு மட்டும் கிடங்குக்குப் போயிற்று. அங்கிருந்தவர் நடுத்தரமான ஓர் அளவை எடுத்துக் கட்டி அனுப்பிவிட்டார். பள்ளி திறந்த அன்று, முதலாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் முழங்கால் வரை தொங்கிய சட்டையுடன் வாசலிலேயே நின்றுவிட்டான். எவ்வளவு அழைத்தும் உள்ளே வரவில்லை.

அடுத்த ஆண்டு அந்தக் கடையில் அளவைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கட்டம் நிரம்பாமல் கணினி ஆர்டரை ஏற்காது. இனிக் கவலையில்லை என்று எண்ணினோம். ஆனால் அவசரத்தில் பதிந்தவர், பட்டியலில் முதலாவதாக இருந்த அளவையே தேர்ந்தெடுத்துவிட்டார். இம்முறை எல்லாச் சட்டையும் சிறியவை!

நேயர்களே, இவ்விரண்டில் எது பெரிய தவறு? இரண்டாவதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். வெறுமையான கட்டத்தைக் கண்டால், கிடங்கில் இருப்பவர் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்கக்கூடும். நிரம்பிய கட்டத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கட்டாயப்படுத்தினால் கட்டம் நிரம்பும். அதில் உண்மை இருக்கும் என்பதற்கு அது உறுதியாகாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவதாக, அடுத்து வேலை செய்பவர் எதை அறியாமல் பொருளில் கை வைக்க முடியாதோ, அதை மட்டும் கட்டாயமாக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவை எண்ணிப் பாருங்கள். சேலைக்கு நிறம் வேண்டும். வெட்டிக் கொடுக்கும் துணிக்கு எத்தனை மீட்டர் என்பது வேண்டும். தைக்கக் கொடுக்கும் ரவிக்கைக்கு உடல் அளவு வேண்டும். குத்துவிளக்குக்கு உயரம் வேண்டும். எல்லாப் பொருளுக்கும் எல்லாவற்றையும் கேட்டால், பதிபவர் சலித்துப்போய் வாய்க்கு வந்ததைப் பதிவார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிசினஸ் சென்ட்ரல் என்னும் வணிக மென்பொருளில், ஒரு பொருளுக்குப் பல வகைகள் இருந்தால் மட்டும், எந்த வகை என்று குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வழியிருக்கிறது. வகை இல்லாத பொருளுக்கு அந்தக் கேள்வி எழாது.

இரண்டாவதாக, கணினி தானாக ஒரு விடையை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கக் கூடாது. மூன்றாவதாக, "வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும்" என்று பதியவும் ஒரு வழி இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த ஆர்டர், விடை கிடைக்கும்வரை கிடங்குக்குப் போகாமல் நிற்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இடம் கொடுத்தால் பொய்க்கு வேலையில்லை.

நாடு தழுவிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியம், 2024 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியலைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முதலில் இதில் சேர்ந்தன. இதற்கென 55 விவரங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, விற்ற பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் மூன்று இலக்கக் குறியீடு. அந்தப் பட்டியலில் 022 என்பதற்கு "மற்றவை" என்று பொருள். வேறு எதிலும் அடங்காத பொருளுக்கு அது தேவையான குறியீடுதான். ஆனால் தேடிப் பார்க்கச் சோம்பி எல்லாவற்றுக்கும் 022 என்று போட்டால், கட்டம் நிரம்பியிருக்கும், அறிவு சேராது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இத்தகைய குறியீடு ஆளுக்கு ஆள் மாறாது. அதைப் பொருட்பட்டியலில் ஒருமுறை சரியாகப் பதிந்து வைத்தால் போதும். ஒவ்வோர் ஆர்டருக்கும் பதிபவரைக் கேட்க வேண்டியதில்லை. அளவும் நிறமும் அப்படியல்ல. அவற்றை வாங்குபவர்தான் சொல்ல முடியும். ஆகவே, அவர் எதிரில் இருக்கும்பொழுதே கேட்டுப் பதிய வேண்டும்.

வாங்குகிற நமக்கும் இதில் கடமை உண்டு. ஆர்டர் கொடுத்ததும், "பதிந்ததை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்போம். மூன்றாம் ஆண்டு நாங்கள் அப்படித்தான் செய்தோம். 30 அளவுகளையும் வரிசையாக வாசித்துக் காட்டப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. அவ்வாண்டு பள்ளி திறந்த அன்று வாசலில் எந்தப் பிள்ளையும் நிற்கவில்லை.