கண்ணுக்கு இதமான வாசிப்பு: மின்னூல் படிப்பானா, டேப்லெட்டா?

நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதியில், பணி ஓய்வுக்குப் பின் வந்து தங்கியுள்ள முதியோர் பலர் உள்ளனர். நாள்தோறும் சில மணி நேரம் வாசிப்பது இவர்களுள் பலரின் வழக்கம். ஆசிரம நூல்கள், 1964ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ‘மவுண்டன் பாத்’ இதழின் பழைய தொகுதிகள், தேவார திருவாசக உரைகள், நாளிதழ்கள் என இவர்கள் வாசிப்பவை பலவகை. அச்செழுத்து மங்கலாகத் தெரியத் தொடங்கியதும், “எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க எந்தக் கருவியை வாங்கலாம்?” என்ற கேள்வி எழுகிறது. வெளியூரில் வசிக்கும் பிள்ளைகளும் பெற்றோருக்காக இதே கேள்வியைக் கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு விடை உண்டு. ஆனால் அதற்கு முன் எழுத்து ஏன் மங்கலாகத் தெரிகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும் கருவி, கண்ணில் வளர்ந்துவரும் நோயைச் சில மாதங்கள் மறைத்துவிடக்கூடும். அந்த மாதங்களில் இழக்கும் பார்வையைப் பின்னர் மீட்க இயலாத நோய்களும் உள்ளன.

முதலில் கண் பரிசோதனை

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அருகிலுள்ள எழுத்து தெளிவின்றித் தெரிவது பெரும்பாலும் வெள்ளெழுத்தினால் ஆகும். கண்ணின் உள்ளே உள்ள லென்ஸ் வயதாக ஆக நெகிழ்வை இழப்பதே இதற்குக் காரணம். உரிய கண்ணாடி அணிந்தால் இது சரியாகும்.

ஆனால் கண்புரை, கண் அழுத்த நோய், நீரிழிவினால் ஏற்படும் விழித்திரைப் பாதிப்பு, முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைதல் ஆகியவையும் வாசிப்புச் சிரமமாக வெளிப்படலாம். இவற்றுள் கண்புரையால் இழந்த பார்வையை அறுவை சிகிச்சையால் மீட்கலாம். கண் அழுத்த நோயால் இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காப்பாற்ற மட்டுமே இயலும். இந்நோயில் தொடக்கத்தில் வலியோ மங்கலோ இருப்பதில்லை. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தால் கண் அழுத்தப் பரிசோதனை கட்டாயம் தேவை. நீரிழிவு நோயாளிகள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். வாசிப்புக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, நாளிதழின் ஒரு பத்தியை வாசியுங்கள். பின்னர் மற்றொரு கண்ணால் வாசியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் மங்கலாகத் தெரிந்தாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, சொல்லின் நடுவில் சில எழுத்துகள் மறைந்து போனாலோ, கருவி வாங்குவதை ஒத்திவைத்து உடனே கண் மருத்துவரை அணுகுங்கள். இரு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றொன்றின் குறையை ஈடுசெய்துவிடுவதால், ஒரு கண்ணின் பார்வையிழப்பு நெடுநாள் தெரியாமலே இருப்பதுண்டு.

இரத்தச் சர்க்கரை மிகுதியாக ஏறி இறங்கும் காலத்தில் கண்ணாடியின் அளவும் மாறும். எனவே சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே புதிய கண்ணாடி வாங்குவது நல்லது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் தொலைவுப் பார்வைக்கான லென்ஸ் பொருத்தப்படுகிறது. வாசிப்பதற்குத் தனிக் கண்ணாடி தேவைப்படும். புண் ஆறி, மருத்துவர் அளவு பார்த்துக் கண்ணாடி எழுதித் தரும் வரை பொறுத்திருங்கள்.

இருவகைத் திரைகள்

டேப்லெட்டின் திரை தானே ஒளியை வெளியிடுவது. ஈ-ரீடர் எனப்படும் மின்னூல் படிப்பானின் திரை அவ்வாறன்று. அதனுள் மிக நுண்ணிய உறைகளில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் உள்ளன. மின்புலத்தால் அவை மேலும் கீழும் நகர்ந்து எழுத்தை உருவாக்குகின்றன. அறையின் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்புவதால், தாளில் அச்சிட்டது போன்று தெரியும். பகல் வெளிச்சத்தில் திண்ணையில் அமர்ந்து படிக்க இது ஏற்றது. அதே வெளிச்சத்தில் டேப்லெட் திரை கண்ணாடிபோல் எதிரொளித்துக் கூசும்.

எனினும் இருளில் படிக்கவும், வண்ணப் படங்களைக் காணவும், நூலைக் குரலாகக் கேட்கவும் டேப்லெட் வசதியானது. விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்பட்டவர்கள் எழுத்தை மிகப் பெரிதாக்கவும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றவும் பெரிய திரையே உதவும். கண்புரையினால் வெள்ளைத் திரை கூசுகிறவர்களுக்கும், அறுவை செய்துகொள்ளும் வரை, இந்த மாற்றம் பயன்படலாம்.

எடையையும் கருத வேண்டும். ஆறங்குல மின்னூல் படிப்பான் ஏறத்தாழ 160 முதல் 200 கிராம் இருக்கும். பத்தங்குல டேப்லெட் ஏறத்தாழ 450 முதல் 500 கிராம் இருக்கும். மூட்டுவாதம், கைநடுக்கம், பக்கவாதம் உள்ளவர்கள் டேப்லெட்டைக் கையில் ஏந்தாமல் தாங்கியில் வைத்துப் படிக்க வேண்டும். படுத்த நிலையில் முகத்திற்கு நேர்மேலே பிடித்துப் படிப்பதைத் தவிர்க்கவும்.

நீங்கள் வாசிப்பது எந்த வகை நூல்?

விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. தமிழ் மின்னூல்கள் இருவகை.

முதல் வகை, தட்டச்சு செய்யப்பட்டவை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்களும், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் நூல்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஈபப் போன்ற வடிவில் கிடைக்கும்போது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கித் திரைக்குள் அமையும். இதற்கு ஆறங்குலக் கருவியே போதும்.

இரண்டாம் வகை, பழைய அச்சுப் பக்கங்களைப் படமாக எடுத்த பி.டி.எஃப். கோப்புகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்கள் பல இத்தகையவை. இவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க இயலாது. பக்கம் முழுவதுமே பெரிதாகும். அப்போது வரி திரைக்கு வெளியே சென்றுவிடும். ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்தினால் கழுத்தும் கையும் கண்ணும் களைத்துப் போகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். ஏ4 தாளில் 12 புள்ளி அளவில் உள்ள எழுத்து, முழுப் பக்கமும் இத்திரையில் காட்டப்படும்போது ஏறத்தாழ 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். இது மருந்துப் பெட்டியிலுள்ள சிற்றெழுத்தைப் போன்றது. பத்தங்குல டேப்லெட்டில் அதே எழுத்து 8 அல்லது 9 புள்ளி அளவில் தெரியும். டேப்லெட்டைக் கிடைமட்டமாகத் திருப்பினால் மேலும் பெரிதாகும். ஆகவே இரண்டாம் வகை நூல்களையே மிகுதியாக வாசிப்பவர்களுக்கு, பத்தங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட திரை தேவை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கருவியைப் பயன்படுத்தப் போகிறவரே கடைக்கு நேரில் வருவது நல்லது. மருத்துவர் எழுதித் தந்த கண்ணாடியை அணிந்து, கருவியை 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து, தமிழ் நூல் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சில கருவிகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்தோ கட்டம் கட்டமாகவோ தெரியக்கூடும்.

தமிழில் சிறு சுழியும் புள்ளியும் பொருளையே மாற்றிவிடும். “எடு – ஏடு”, “கொடி – கோடி”, “பல – பல்”, “கனி – கணி” ஆகிய இணைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இவற்றைக் கருவியில் தட்டச்சு செய்யச் சொல்லி, ஊகிக்காமல் வேறுபடுத்திப் படிக்க முடிகிற எழுத்தளவைக் கண்டறியுங்கள். அதற்கு மேலும் ஒரு படி பெரிதாக வைத்தால் நெடுநேரம் களைப்பின்றி வாசிக்கலாம். அந்த அளவில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களாவது அமையவில்லை எனில், அந்தத் திரை உங்களுக்குச் சிறியது.

எழுத்தளவையும் ஒளியையும் மாற்றும் முறையைக் கடையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஊர் திரும்பிய பின் கருவி அலமாரியில் உறங்குவதற்கு, பெரும்பாலும் இந்த இரண்டும் தெரியாததே காரணம்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

*திரையைப் பார்த்தால் கண் கெட்டுவிடுமா?* வயது வந்தோருக்குத் திரை வாசிப்பு கண்ணில் நிலையான பாதிப்பை ஏற்படுத்துவதாக நிறுவப்படவில்லை. எரிச்சலும் உறுத்தலும் ஏற்படக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண்ணீர்ப் படலம் உலர்வதுதான். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 விநாடிகள் பார்த்து, சில முறை முழுமையாக இமையுங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே படாதவாறு அமருங்கள்.

*நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி தேவையா?* இத்தகைய கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இதற்காகத் தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரவில் ஒளிரும் திரையை நெடுநேரம் பார்ப்பது உறக்கத்தைத் தள்ளிப்போடலாம். உறங்கச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு டேப்லெட்டை வைத்துவிடுங்கள்.

*மங்கிய ஒளியில் படித்தால் பார்வை போய்விடுமா?* போகாது, களைப்பு மட்டுமே மிகும். முதியோருக்கு இளையோரைவிடக் கூடுதல் வெளிச்சம் தேவை. அச்சு நூலையோ மின்னூல் படிப்பானையோ வாசிக்கும்போது, தோளுக்குப் பின்புறமிருந்து விளக்கொளி நூலின்மீது விழுமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

- திடீரெனப் பார்வை குறைதல் அல்லது மறைதல்
- கண்முன் மின்னல்போல் ஒளிக்கீற்றுகள், திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், திரை விழுந்ததுபோன்ற மறைப்பு
- கண் சிவந்து கடும் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள்
- நேர்க்கோடுகள் திடீரென வளைந்து தெரிதல்

இவற்றுள் எதுவும் தோன்றினால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அரசின் சேவைகள்

1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வெள்ளெழுத்து உள்ள முதியோருக்கு இலவசக் கண்ணாடி வழங்கவும் இத்திட்டத்தில் இடமுண்டு. இப்பகுதி மக்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவை அணுகலாம். சர்க்கரை, இரத்த அழுத்தச் சிகிச்சைக் குறிப்புகளையும் பழைய கண்ணாடியையும் உடன் எடுத்து வருக. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.

எந்த நிறுவனத்தின் கருவியையும் பரிந்துரைப்பது இப்பக்கத்தின் நோக்கமன்று. பராமரிப்பாளர்கள் மூன்றையும் இந்த வரிசையில் செய்யுமாறு அறிவுறுத்தப்படுகிறது: முதலில் கண் பரிசோதனை, அடுத்து உரிய கண்ணாடி, அதன் பிறகே கருவி. பலருக்கு இரண்டாம் படியிலேயே பழைய புத்தகம் மீண்டும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். கருவி வாங்கும் தேவையே எழாது.