பீட் எல்லாருக்கும்... பேரு யாருக்கு?

வடசேரியில தக்கலை பஸ் ஏறினா, காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு தலையாட்டுற நாலு காலேஜ் பசங்களையாவது பார்க்கலாம். கேட்கிற பாட்டுல ஒண்ணாவது ராப்பா இருக்கும். 'சூப்பர்லே!'ன்னு ஃப்ரெண்டுக்கு ஃபார்வேர்டும் பண்ணிடுவோம். ஆனா அந்த வரியை எழுதினவர் யாரு, அந்தப் பாட்டால அவருக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டா... நைஸா ஜன்னல் பக்கம் திரும்பிடுவோம்! இந்த வாரம் அந்தக் கதையைத்தான் பேசப் போறோம்.

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1994-ல 'காதலன்' படத்துல வந்த 'பேட்டை ராப்' நம்ம ஊர் கல்யாண வீடு வரைக்கும் கலக்குச்சு. 2006-ல மலேசியாவிலிருந்து யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூணு பேரும் 'வல்லவன்' ஆல்பத்தோட வந்தாங்க. அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்துல யோகி பி-யின் குரல். தமிழ்ல ராப் பாடலாம், அதுக்குத் தனி ஸ்டைலே உண்டுன்னு புரிஞ்சுபோச்சு. ஆனாலும் சினிமாவுல பெரும்பாலும் ஹீரோ நடந்து வரும்போது நாலு வரி கெத்தா பாடுறதோட ராப்பரோட வேலை முடிஞ்சிரும்.

பத்தொன்பது பேர் சேர்ந்தா...

2017-ல இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு குழுவைக் கட்டினாங்க. பேரு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 'சாதியற்ற' என்ற அந்தச் சொல்லை அயோத்திதாசப் பண்டிதர்கிட்டேயிருந்து எடுத்துக்கிட்டாங்க. கானா பாடுறவங்க, ராப் பண்றவங்க, கிடார்காரங்க, பறை அடிக்கிறவங்கன்னு 19 பேர். 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி. இட ஒதுக்கீடு, மலக்குழி மரணம், சாதி... வீட்டுல சத்தமா பேசத் தயங்குற விஷயங்களை எல்லாம் மைக் பிடிச்சுப் பாடினாங்க.

'அது சென்னை மேட்டர், நமக்கென்ன?'ன்னு கேட்டுடாதீங்க. மேலாடை போடுற உரிமைக்காகப் பல வருஷம் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணு இது. 1859-ல திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து உத்தரவு போட்ட கதையை நம்ம தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. சாதியற்ற பாட்டுன்னா என்னன்னு நமக்குப் புதுசா விளக்கவே வேண்டாம்.

அறிவு போன ரூட்

அந்தக் குழுவுல எல்லாரையும் திரும்பிப் பார்க்க வெச்சவர் அரக்கோணத்துக்காரர் அறிவு. இன்ஜினியரிங், எம்.பி.ஏ.ன்னு நம்மள மாதிரியே படிச்சு வந்தவர். 2018-ல 'காலா' படத்துக்குப் பாட்டு எழுதினார். 2019-ல இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். அப்புறம் 'மாஸ்டர்' படத்துக்கு 'வாத்தி ரெய்டு'. ஒரு பக்கம் தெரு, இன்னொரு பக்கம் விஜய் படம். ரெண்டுலயும் அவர் எழுத்துக்கு மவுசு!

2021 மார்ச்சுல வந்துச்சு 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கை தேயிலைத் தோட்டத்துல உழைச்சுட்டுத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கைதான் அதுக்கு வேர்னு அறிவு சொல்லியிருக்கார். நம்ம கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை. 1964-ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க இல்லையா? அதுக்கப்புறம் இலங்கையிலிருந்து வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்த அரசு ரப்பர் தோட்டமே வளர்ந்துச்சு.

ஹிட்டுக்கு அப்புறம்தான் சிக்கல்

பாட்டு யூடியூப்ல 50 கோடி பார்வையைத் தாண்டுச்சு. ஆனா 2021 ஆகஸ்ட்ல 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில பாடகி தீயும், கனடாத் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும்தான் இருந்தாங்க. எழுதிப் பாடின அறிவு எங்கேன்னு பெரிய சர்ச்சை. அப்புறம் அவர் படத்தோட தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. 2022 ஜூலையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அவர் இல்லாமலே அந்தப் பாட்டு ஒலிச்சப்போ, இது என் உழைப்புன்னு அறிவு எழுதினார். மூணு பேரும் சேர்ந்து உருவாக்கினதுதான்னு இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார்.

யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்ல. ஆனா 2024-ல சந்தோஷ் நாராயணனே இன்னொண்ணும் சொன்னார்: இத்தனை பெரிய ஹிட்டுல இருந்து மூணு வருஷமா வருமானம் பூஜ்யம்! பேருக்காக ஒரு பக்கம் சண்டை, காசு யார் கைக்கும் வரலை. எப்படி இருக்கு பாருங்க.

மத்தவங்க? கானா பாடகி இசைவாணி 2020-ல பிபிசியின் 100 பெண்கள் பட்டியல்ல இடம்பிடிச்சாங்க. அதே இசைவாணிக்கு, பழைய பாட்டு ஒண்ணுக்காக 2024-ல மிரட்டல் மேல மிரட்டல். டென்மா 2022-ல 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசை போட்டார். அறிவு அதே பாட்டியின் பேரை வெச்சு 2024-ல 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைக் கொண்டு வந்தார். அதாவது, குழு ஒரு மேடையைக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் அவங்கவங்க பாதை.

வில்லுப்பாட்டுல இருக்கு விடை

நம்ம ஊர் கொடை விழாவுல வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்க. புலவர் பாட, பக்கத்துல இருக்கிறவங்க 'ஆமா' போடுவாங்க. ராப்பர் பாட, பின்னாடி ஒருத்தர் 'யா... யா...' சொல்வாரே, அதேதான்! ஆனா வில்லுப்பாட்டுல ஒரு முறை உண்டு. கதையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே 'குருவடி பாடுதல்'. யார்கிட்டே கத்துக்கிட்டோமோ அவரை வணங்கிட்டுத்தான் மத்ததெல்லாம். நன்றியைக் கடைசிக்கு வைக்கிற பழக்கமே இல்ல.

கல்ச்சுரல்ஸுக்கு கேங் சேர்த்து ராப் எழுதுற மக்கா, இதைக் கவனிங்க. வரி யாரு, மெட்டு யாரு, பீட் யாருன்னு ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுருங்க. 2012-ல திருத்தின காப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டியில பங்கு உண்டு. அதை வசூலிச்சுக் கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ்.னு ஒரு அமைப்பு இருக்கு, உறுப்பினர் ஆகலாம். எந்த கம்பெனி பேப்பர் நீட்டினாலும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

'ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்குலே பேப்பரு?'ன்னு யாராவது கேட்பான். ஃப்ரெண்ட்ஷிப் நிலைக்கணும்னுதாம்லே பேப்பர்னு சொல்லுங்க. பாட்டு ஹிட்டானதுக்கு அப்புறம் போய் எழுதினா, அது பஞ்சாயத்து!