எவர்சில்வர்ப் பாத்திரங்களைப் பேணும் முறை

துருவேறா உருக்கு என வழங்கும் எவர்சில்வர், இரும்போடு குரோமியம் கலந்து ஆக்கப்படுவது. 1913 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹரி பிரயர்லி இதனை உருவாக்கினார். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத மென்படலமாகிப் பாத்திரத்தைக் காக்கின்றது; கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும்.

அதற்கு உப்பே பெரும்பகை. குளிர்நீரில் இட்ட உப்பு கரையாது அடியில் தங்குமிடத்து நுண்குழிகள் தோன்றும்; தோன்றியபின் அவை மறையா. ஆதலின், நீர் கொதித்த பின்னரே உப்பிட்டுக் கலத்தல் வேண்டும். இரும்பு நாரினால் தேய்த்தலும் தகாது. அதன் துணுக்குகள் படிந்து துருப்பிடிக்கும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவு தேசிப்புளியால் நீங்கும். அடிப்பிடித்ததைச் சுடுநீரில் ஊறவைத்துத் தும்பினால் தேய்த்து, உடனே துடைத்தல் நன்று. இவ்வாறு பேணின், தாய் ஆண்ட பாத்திரம் மகளுக்கும் உதவும்.