உங்களுக்குத் தெரியுமா? உயிருக்கு ஈடு 96 ஆடு!

• சோழர் காலத்தில், வேட்டையில் குறி தவறி ஆளைக் கொன்றுவிட்டவருக்குப் பல ஊர்களில் விதித்த தண்டனை ஒரு விளக்கு. இறந்தவர் பெயரால் கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுக்க வேண்டும். ஆட்டைப் பெற்ற இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளப்பார்.

• கல்வெட்டில் இந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும்; கணக்கு குறையாது. எத்தனை அழகான பெயர்!

• இத்தாலியில் ஆண்ட லொம்பார்டு அரசர் ரோத்தாரியின் சட்டமும் (கி.பி. 643) உயிருக்கு விலை வைத்தது. அங்கே ஈட்டுத்தொகை இறந்தவரின் உறவினருக்கு. பழிக்குப் பழி தொடராமல் இருக்க.

• சோழ நாட்டில் திட்டமிட்ட கொலை வேறு கதை. மீன்சுருட்டி தாண்டிக் காட்டுமன்னார்கோயில் போகிறவர்கள் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரை அவசியம் பாருங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் சொத்தைப் பறிக்க முதலாம் ராஜராஜன் தன் 2-ஆம் ஆட்சியாண்டில் அனுப்பிய ஆணை அங்கே இருக்கிறது. உடன்பிறந்தார், பிள்ளைகள், தாய்மாமன், பெண் கொடுத்தவர் என்று உறவினரின் நிலமும் சேர்ந்தே போனது.