சூதாட்ட விடுதி மலையேறும் முன்: அறவழிச் சட்டமறுப்பு குறித்துச் சில விளக்கங்கள்

ஜவ்வாது மலையில் இன்று கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதி எதுவும் இல்லை. சூதாட்டக் கூடம் நடத்துவதை 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் குற்றமாக்கி வைத்திருக்கிறது. சட்டம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கட்டுரை என்று வாசகர்கள் கேட்கலாம். கோவாவிலும் சட்டம் இருந்தது என்பதுதான் நமது பதில்.

கோவாவின் பொதுச் சூதாட்டத் தடைச் சட்டம் 1976இல் வந்தது. 1992இல் ஒரு திருத்தம்: ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திரச் சூதாட்டம் நடத்தலாம். 1996இல் இன்னொரு திருத்தம்: கப்பல்களில் மேசைச் சூதாட்டமும் ஆடலாம். இன்று பனாஜி நகரை ஒட்டி மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. 'ஆம் அவ்ரத் ஆத்மி அகெய்ன்ஸ்ட் கேம்ப்ளிங்' என்ற மக்கள் அமைப்பு பல ஆண்டுகளாகத் தெருவில் இறங்கிப் போராடி வருகிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கப்பல்களை அகற்றுவோம் என்பவர்கள், ஆட்சிக்கு வந்ததும் காலக்கெடுவை நீட்டிக்கொடுக்கிறார்கள். 2020 பிப்ரவரி 1 முதல் கோவாவாசிகள் அங்கே விளையாடக் கூடாது என்று அரசே தடை போட்டது. தன் மக்களுக்குக் கூடாது, அடுத்த ஊர்க்காரனுக்கு ஆகும்! இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா?

மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பலன்கள் உண்டு, ஆனால் அவற்றின் கேடு பலனைவிடப் பெரிது என்ற கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் சொல்கிறது. வேலைவாய்ப்பு வரும், வரி வரும், சுற்றுலா வளரும் என்று சொல்பவர்களிடம் நாம் வாதாட வேண்டியது இந்த இடத்திலிருந்துதான். பலனே இல்லை என்று மறுக்கத் தேவையில்லை.

உரிமம் கொடுத்து, ஆட்கள் வேலைக்குச் சேர்ந்து, அரசு வரியை ருசி பார்த்த பிறகு எதிர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கோவா சாட்சி. உரிமத்துக்கு முன்பே எதிர்த்தவர்களின் அனுபவம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கிடைக்கிறது. 2004இல் பென்சில்வேனியா மாநிலம் சூதாட்ட இயந்திரங்களுக்கு அனுமதி தந்தது. பிலடெல்பியா நகருக்கு இரண்டு கேசினோக்கள் என்று முடிவானது. 'கேசினோ ஃப்ரீ பிலடெல்பியா' என்ற குடியிருப்பாளர் குழு, விண்ணப்பதாரர்களின் திட்ட ஆவணங்களை மக்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்டது. கெடுவும் வைத்தது. கெடு முடிந்ததும், நாங்களே வந்து தேடிப் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 2006 டிசம்பரில் உருப்பெருக்கிக் கண்ணாடிகளுடன் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலகத்துக்கே போனார்கள். 14 பேர் கைதானார்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை, ஒரு காவலரும் காயப்படவில்லை. கேட்டது ஊர் மக்கள் பார்க்க வேண்டிய காகிதங்களை. அதற்குக் கைது என்றால் தவறு யார் பக்கம் என்பது செய்தியைப் படித்த எவருக்கும் விளங்கிவிடும்.

அந்த மாதமே வாரியம் இரண்டு உரிமங்களையும் கொடுத்துவிட்டது. ஆனாலும் போராட்டம் நிற்கவில்லை. ஒரு கேசினோ தாமதமாகி 2010 செப்டம்பரில் திறந்தது. மற்றொன்று கட்டப்படாமலேயே 2010 டிசம்பரில் உரிமத்தை இழந்தது. பாதி வெற்றி என்றுதான் நாம் சொல்வோம். கோவாவுக்கு அந்தப் பாதியும் கிடைக்கவில்லை.

தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும் என்ற நபிமொழியின் கருத்து நம்மில் பலருக்குத் தெரியும். கையால் என்றதும் கல்லெறிவது என்று சில இளைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அறவழிச் சட்டமறுப்பு அதற்கு நேர் எதிரானது. மீறப்போவதை முன்பே சொல்வது, பிறர் உயிருக்கும் பொருளுக்கும் சேதம் செய்யாதது, கைது செய்ய வந்தால் ஓடாமல் நிற்பது, தண்டனையை ஏற்பது ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது. இதில் ஒன்று குறைந்தாலும் காவல்துறை அதைக் கலவரம் என்று எழுதிவிடும். நமது சமுதாயத்தின் மீது அப்படி எழுதுவது எவ்வளவு சுலபம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்ட விளைவையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். பழைய 144 தடையுத்தரவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. அந்த உத்தரவை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரும். அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேர்ந்தால் ஓராண்டு வரை. தண்டனை சிறியதாகத் தெரிந்தாலும், நிலுவையில் உள்ள வழக்கு பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் இடைஞ்சல். வெளிநாடு போகக் காத்திருக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

மலைவாழ் மக்கள் விஷயத்தில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூலிக்குப் போய் ஆந்திரச் சிறைகளைப் பார்த்துவந்த குடும்பங்கள் இந்த மலையில் உண்டு. அவர்களுக்கு இன்னொரு வழக்கு என்பது வேறு கதை. ஆகவே இப்படியொரு நாள் வந்தால் கைதாக முன்வர வேண்டியவர்கள் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பகுதிகளில் வழக்குச் செலவைத் தாங்கக்கூடிய நாம்தான். எதை எதிர்ப்பது, எங்கே நிற்பது என்று முடிவெடுப்பவர்கள் மலை மக்களாகவே இருக்க வேண்டும். அவர்களின் ஊருக்கு நாம் போய்த் தலைமை தாங்குவது அழகல்ல.

முடிவெடுக்கும் இடமும் அவர்களிடம் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. டோங்கிரியா கோந்த் பழங்குடியினர் வாழும் அந்தப் பகுதியின் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. கிராம சபைகளில் இருந்த சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். சட்டமறுப்பு என்பது இந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்த பிறகு வருவது.

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சூதாட்டத்துக்கு எங்கள் நிலத்தில் இடமில்லை என்ற தீர்மானத்தை எந்த நிறுவனமும் வராத இந்த நேரத்திலேயே பதிவேட்டில் ஏற்றலாம். நகலைக் கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.