சிப் வடிவமைப்பைப் பாடமாக்கிய லின் கான்வே

1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் வரைபடத்தை, பெரிய சிவப்புப் பிளாஸ்டிக் தாள்களில் கத்தியால் கீறிக் கீறித்தான் தயாரித்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து வந்த 8086 சிப்பில் அந்த எண்ணிக்கை 29,000 ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச காலத்தில் லட்சத்தைத் தாண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனையையும் வரைய ஆளுக்கு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

அன்று சிப் வடிவமைப்பு ஒருசில நிறுவனங்களுக்குள் அடைபட்டுக் கிடந்த தொழில். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனி விதிப் புத்தகம் உண்டு. தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் அதுவும் மாறும். கணினியின் கட்டமைப்பைத் தீர்மானிப்பவர் ஒருவர், டிரான்சிஸ்டர்களை அடுக்குபவர் இன்னொருவர். ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியாது. இந்தத் தொழிலை ஒரு கல்லூரிப் பருவத்துக்குள் கற்றுக்கொள்ளக்கூடிய பாடமாக மாற்றியவர்களில் முதன்மையானவர் லின் கான்வே.

1938-இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனில் பிறந்த கான்வே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1964-இல் ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். அதிவேகக் கணினி ஒன்றை உருவாக்கும் ரகசியத் திட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒரு சிக்கல். செயலி தன் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும். முன்னால் உள்ள கட்டளை நினைவகத்திலிருந்து ஓர் எண் வரட்டும் என்று காத்திருந்தால், பின்னால் உள்ளவையும் சும்மா நிற்க வேண்டியதுதான். காத்திருக்கும் கட்டளைகளில் எவை தயாராக இருக்கின்றன என்று பார்த்து, விடை மாறாதபடி அவற்றை முந்திக்கொள்ள விடும் வழியைக் கான்வே கண்டுபிடித்தார். ஒரே நேரத்தில் பல கட்டளைகளை அனுப்பவும் அதில் இடமிருந்தது. இன்றைய மடிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் உள்ள வேகமான செயலிகள் இந்த உத்தியைத்தான் நம்பியிருக்கின்றன.

கான்வே ஒரு திருநங்கை. பெண்ணாக மாறுவதற்கான சிகிச்சையை மேற்கொள்ளப்போகிறார் என்பது தெரியவந்ததும் 1968-இல் ஐபிஎம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் புதிய பெயரோடு அடிமட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். பழைய சாதனைகளைச் சொன்னால் பழைய அடையாளமும் வெளியே வந்துவிடும் என்பதால் அவற்றை மறைத்தே வேலை தேடினார். ஒப்பந்தப் புரோகிராமராக இருந்து, மெமோரெக்ஸ் நிறுவனத்துக்குப் போய், 1973-இல் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடுடன் கூட்டு ஏற்பட்டது. இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி இது: சிப் வரையத் தெரிந்துகொள்ள ஒருவருக்குக் குறைந்தபட்சம் என்னென்ன தெரிந்தால் போதும்?

அக்காலச் சிப்பில் சிலிக்கான் தகட்டின்மீது மூன்று முக்கிய அடுக்குகள் உண்டு. மின்சாரம் ஓடும் சிலிக்கான் பாதைக்குப் பச்சை, அதன் குறுக்கே செல்லும் பாலிசிலிக்கானுக்குச் சிவப்பு, மேலே ஓடும் உலோகக் கம்பிக்கு நீலம் என்று நிறம் கொடுத்து வரைவார்கள். பச்சைக் கோட்டைச் சிவப்புக் கோடு குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் பிறக்கிறது. சிவப்பில் கொடுக்கும் மின்னழுத்தம், பச்சையில் ஓடும் மின்சாரத்தைத் திறக்கவோ மூடவோ செய்யும்.

கோடுகளின் அகலமும் இடைவெளியும்தான் பெரிய தலைவலி. தொழிற்சாலைகள் இவற்றையெல்லாம் மைக்ரான் கணக்கில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தன. கான்வே எல்லா அளவுகளையும் லாம்டா என்ற ஒரே அலகின் மடங்குகளாக மாற்றினார். பாலிசிலிக்கான் கோட்டின் அகலம் குறைந்தது 2 லாம்டா. உலோகக் கம்பிக்கு 3 லாம்டா. இரு கம்பிகளுக்கு நடுவே 3 லாம்டா. இப்படிச் சில விதிகளிலேயே விஷயம் முடிந்துவிட்டது. நாளை தொழிற்சாலை இன்னும் நுண்ணிய கோடுகளைப் பதிக்கக் கற்றுக்கொண்டால், லாம்டாவின் மதிப்பைக் குறைத்தால் போதும். வரைபடத்தைத் தொட வேண்டியதில்லை.

இந்த விதிகளை வைத்து இருவரும் எழுதிய பாடநூல் 1980-இல் அச்சில் வந்தது. அதற்கு முன்பே, 1978-இல், கான்வே எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தினார். அதுவரை சிப் வரைந்தே அறியாத மாணவர்கள் அந்த வகுப்பில் தங்கள் வடிவமைப்புகளை முடித்தார்கள். அந்தக் கோப்புகள், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாகக் கலிஃபோர்னியாவுக்குப் போய், சிப்பாகத் திரும்பி வந்தன.

அடுத்த ஆண்டு இதே ஏற்பாடு 12 பல்கலைக்கழகங்களுக்கு விரிந்தது. ஒரு மாணவரின் சிப்புக்காகத் தனியாகத் தயாரிப்பு வரிசையை ஓட்டினால் செலவு கட்டாது. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போவதைப் போல, 124 பேர் வரைந்த 82 வடிவமைப்புகளை ஒன்றுசேர்த்து ஒரே தயாரிப்பில் பதித்தார்கள். வடிவமைப்பை ஏற்கும் கடைசி நாளிலிருந்து 29 நாட்களில் சிப்புகள் தயார். 1981-இல் இந்த ஏற்பாட்டை மோசிஸ் என்ற பெயரில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் நிரந்தரச் சேவையாக நடத்தத் தொடங்கியது.

அந்த 82-இல் ஒன்று ஸ்டான்ஃபோர்டின் ஜிம் கிளார்க் வரைந்தது. கணினித் திரையில் முப்பரிமாணப் பொருளைச் சுழற்றிக் காட்ட வேண்டுமானால், அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட வேண்டும். நான்கு எண்களால் குறிக்கப்படும் புள்ளியை 4×4 அணியால் பெருக்கினால், புள்ளி ஒன்றுக்கு 16 பெருக்கல்கள். பிறகு திரைக்கு வெளியே விழும் பகுதியை வெட்டி, மிஞ்சியதைத் திரையின் அளவுக்குப் பொருத்த வேண்டும். பொதுச் செயலிகள் இதில் திணறின. கிளார்க்கின் ஜியோமெட்ரி என்ஜின் இந்தக் கணக்குகளுக்கென்றே பிறந்த சிப். இவற்றில் 12-ஐ வரிசையாக நிறுத்தினார்: 4 பெருக்கலுக்கு, 6 வெட்டுவதற்கு, 2 பொருத்துவதற்கு. இதை முதலாக வைத்து அவர் தொடங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் கணினிகளில்தான் 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் கணினி டைனோசர்கள் உருவாயின. நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியின் கிராஃபிக்ஸும் அந்த நிறுவனத்தின் கைவண்ணமே.

வரைபவர் ஓரிடம், தயாரிப்பவர் வேறிடம் என்ற பிரிவினை பின்னாளில் தொழிலின் அடித்தளமாகவே ஆகிவிட்டது. இன்று என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புகளை வடிவமைக்கிறது, தைவானின் டி.எஸ்.எம்.சி. தயாரித்துக் கொடுக்கிறது.

கான்வே 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1989-இல் அமெரிக்க தேசியப் பொறியியல் அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஐபிஎம்மில் அவர் செய்த வேலை பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமலே இருந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கியதற்கு அந்நிறுவனம் 2020-இல்தான் மன்னிப்புக் கேட்டது. சிப் வடிவமைப்பு முறைக்காக அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் மன்றம் மீடை 2009-இலேயே கௌரவித்தது. அதே கண்டுபிடிப்புக்காகக் கான்வேயைச் சேர்க்க 2023 வரை எடுத்துக்கொண்டது. அதற்கு மறு ஆண்டு, 86-ஆம் வயதில், கான்வே காலமானார்.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் ஈ.சி.இ. மாணவர்கள் வி.எல்.எஸ்.ஐ. தாளில் வண்ணப் பென்சிலால் வரையும் ஸ்டிக் டயகிராமும், மனப்பாடம் செய்யும் லாம்டா விதிகளும் கான்வே, மீடு இருவரிடமிருந்தும் வந்தவையே. தேர்வுக்குப் படித்து மறந்துவிடாதீர்கள். பெர்க்லியில் 1980-களில் இதே முறையை ஒட்டி எழுதப்பட்ட ‘மேஜிக்’ மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில், உள்ளீட்டைத் தலைகீழாக்கும் எளிய சுற்றான ஓர் இன்வெர்ட்டரை வரைந்து பாருங்கள். கோடுகளை விதிக்கு மீறி நெருக்கினால் உடனே சுட்டிக்காட்டும். சிப் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.