கணக்குக் காட்டவேண்டிய கைகள்

வன்னியிலுள்ள புளியங்குளத்தில் ஒருவர் விருப்பாவணம் எழுதாமல் இறந்துபோனால், அவரது காணி, வங்கிப்பணம், வாகனம் யாவற்றுக்கும் பொறுப்பாக மாவட்ட நீதிமன்றம் ஒரு நிருவாகியை நியமிக்கலாம். நியமனத்தோடு வேலை முடிந்துவிட்டதென்றே பல குடும்பங்கள் எண்ணுகின்றன. உண்மையில் அங்கேதான் மேற்பார்வை தொடங்குகிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, நிருவாகி நிருவாகக் கடிதம் பெற்ற 12 மாதங்களுக்குள் பற்றுச்சீட்டுகளை இணைத்து, சத்தியம் செய்து, இறுதிக் கணக்கை நீதிமன்றில் தாக்கல் செய்யவேண்டும். வயதுவராத பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய பணத்தை நீதிமன்றிலேயே கட்டவும் வழி உண்டு. 2009 வரை நீடித்த போரில் பல பிள்ளைகள் பெற்றோரை இழந்த வன்னியில் இந்த ஏற்பாட்டின் பெறுமதி மிகப் பெரிது. மாமனோ பெரியப்பாவோ நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையால் அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. அந்தக் கேள்வியைப் பிள்ளைக்காக நீதிமன்றம் கேட்கிறது.

“சொந்தத்துக்குள் கோடு எதற்கு? செலவும் அலைச்சலும்தானே?” என்பார்கள். அலைச்சல் உண்மை, வழக்குகள் இழுபடுவதும் உண்மை. ஆனால் கணக்கில்லாமல் விற்கப்பட்ட காணியை மீட்க நடத்தும் வழக்கு அதைவிட நீளமானது. இன்னொன்று: வன்னியில் பல குடும்பங்களிடம் உள்ளது உறுதிக்காணி அல்ல, அரசு வழங்கிய பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அதன் பின்னுரித்து நிருவாகி கைக்கு வராமல் பிரதேச செயலகம் வழியாகவே போகிறது. ஆகவே நீதிமன்றத்தின் கண் எட்டாத சொத்தும் இங்கே நிறைய உண்டு. பெர்மிட்காரர் உயிருடன் இருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பதிந்துவைப்பதே அதற்குப் பாதுகாப்பு. மற்றச் சொத்துக்கு, இறுதிக் கணக்கு தாக்கலாகிவிட்டதா என்று உரித்தாளர்கள் வழக்கேட்டைப் பார்த்துக் கேட்கவேண்டும். தாக்கலாகாவிட்டால் நீதிமன்றத்தின் மூலம் நிருவாகியை அழைப்பிக்கலாம்.